பள்ளி அணிகளுக்கு நியாயமான நிரலாக்கப் போட்டி நடத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பேச்சுப்போட்டி, வினாடி வினா, அறிவியல் கண்காட்சி என்றால் நம் பள்ளிகள் தயங்காமல் நடத்திவிடுகின்றன. நிரலாக்கப் போட்டி என்றதும் பின்வாங்குகின்றன. கணினி வேண்டும், மென்பொருள் வேண்டும், கணக்கு அமைக்கத் தெரிந்தவர் வேண்டும் என்பது தயக்கத்தில் பாதி. யாராவது முடிவை எதிர்த்துக் கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற அச்சம் மறுபாதி. மென்பொருள் இன்று இலவசமாகவே கிடைக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது பாதியைப் பற்றியே அதிகம் பேசும்.

இப்படிப்பட்ட போட்டிகளில் அநியாயம் பெரும்பாலும் ஏமாற்றுபவர்களால் வருவதில்லை. ஒரு பள்ளிக்குப் பழக்கமான எடிட்டர் இன்னொரு பள்ளிக்குப் புதிதாக இருப்பதால் வருகிறது. நடுவரின் சோதனைத் தரவில் ஒரு வரி பிழையாக இருப்பதால் வருகிறது. ஒரு அணி கேட்ட சந்தேகத்துக்குச் சொன்ன பதில் அடுத்த மேசைக்கு எட்டாததால் வருகிறது. போட்டி தொடங்கும் நொடியில் அணிகளுக்கு இடையே இருக்கும் வேறுபாடு நிரலாக்கத் திறன் ஒன்றாகவே இருக்க வேண்டும். மற்ற வேறுபாடுகளை முன்கூட்டியே களைவது நடத்துபவரின் கடமை. அதில் பெரும்பகுதி போட்டி நாளுக்கு முன்பே முடிந்துவிட வேண்டிய வேலை.

9 முதல் 12 வரை படிக்கும் மாணவர்கள், 15 முதல் 20 அணிகள், ஒரு கணினி லேப், ஒரே நாள். இந்த அளவை மனத்தில் வைத்துப் படிகளைத் தந்திருக்கிறேன்.

1. போட்டியின் வடிவத்தை முடிவு செய்யுங்கள்

உலக அளவில் இரண்டு முன்மாதிரிகள் உண்டு. 1989இல் பல்கேரியாவில் தொடங்கிய சர்வதேச இன்ஃபர்மாடிக்ஸ் ஒலிம்பியாட் பள்ளி மாணவர்களுக்கானது. அதில் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போட்டியிடுவார்கள், பகுதி மதிப்பெண்ணும் உண்டு. கல்லூரி மாணவர்களுக்கான ஐசிபிசி போட்டியில் மூன்று பேர் ஓர் அணி, அணிக்கு ஒரே கணினி, ஐந்து மணி நேரம். ஒரு கணக்கு எல்லாச் சோதனைகளிலும் தேறினால்தான் தீர்க்கப்பட்டதாகும், பாதி மதிப்பெண் கிடையாது.

பள்ளி அணிகளுக்கு ஐசிபிசி வடிவத்தைச் சற்றுச் சுருக்கி எடுத்துக்கொள்வது நல்லது. மூன்று பேர், ஒரு கணினி, மூன்று மணி நேரம், 6 முதல் 8 கணக்குகள். அணிக்கு ஒரு கணினி என்பதில் இரண்டு நன்மைகள் உண்டு. 20 கணினிகள் உள்ள லேப்பில் 60 மாணவர்கள் பங்கேற்கலாம். அதோடு ஒருவர் தட்டச்சு செய்யும்போது மற்ற இருவரும் காகிதத்தில் யோசித்தாக வேண்டும். வீட்டில் கணினி இல்லாத மாணவர்கூட அணிக்குச் சமமான பங்கைத் தர இதில் இடமிருக்கிறது.

தரவரிசைக்கும் ஐசிபிசி முறையே போதும். அதிகக் கணக்குகளைத் தீர்த்த அணி முன்னால். எண்ணிக்கை சமமானால் அபராத நிமிடங்கள் குறைந்த அணி முன்னால். ஒரு கணக்கைத் தீர்த்த நிமிடத்தோடு, அந்தக் கணக்குக்கு முன்பு அனுப்பிய ஒவ்வொரு தவறான முயற்சிக்கும் 20 நிமிடம் சேரும். உதாரணமாக, முதல் அணி 15, 40, 100 ஆகிய நிமிடங்களில் மூன்று கணக்குகளை முடித்தது, மூன்றாவதில் ஒரு தவறான முயற்சி. மொத்தம் 175. இரண்டாவது அணி 30, 60, 80ஆம் நிமிடங்களில் தவறின்றி முடித்தது. மொத்தம் 170. ஆகவே இரண்டாவது அணி முன்னால். கடைசிவரை தீர்க்காத கணக்கில் செய்த தவறான முயற்சிகளுக்கு அபராதம் இல்லை. இந்த உதாரணத்தை அப்படியே விதித்தாளில் அச்சிடுங்கள். கணக்கிடும் முறை புரிந்த அணி பதற்றமின்றி முயலும்.

கணினிகள் மிகக் குறைவாக இருந்தால் மனம் தளர வேண்டாம். இந்தியக் கணினி ஒலிம்பியாட்டின் முதல் கட்டமான ஜோனல் இன்ஃபர்மாடிக்ஸ் ஒலிம்பியாட், பேனாவும் காகிதமுமாக எழுதும் தேர்வாகவே பல ஆண்டுகள் நடந்திருக்கிறது. சிறிய உள்ளீட்டைக் கொடுத்து விடையைக் கையால் கண்டுபிடிக்கச் சொல்லும் தேர்வு அது. அதே பாணியில் பள்ளிகளிலேயே ஒரு முதற்சுற்று வைத்து, தேர்ந்தவர்களை லேப்புக்கு அழைக்கலாம்.

2. விதிகளை ஆறு வாரங்களுக்கு முன்பே எழுதி அனுப்புங்கள்

வாய்மொழி விதி நியாயமான விதி ஆகாது. இரண்டு பக்கத்துக்கு மிகாமல், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். அதில் கட்டாயம் இருக்க வேண்டியவை:

• யார் பங்கேற்கலாம், ஒரு பள்ளியிலிருந்து எத்தனை அணிகள், மாணவர் ஒருவர் கடைசி நேரத்தில் வர இயலாவிட்டால் மாற்று உண்டா.
• அனுமதிக்கப்பட்ட மொழிகள், அவற்றின் பதிப்பு எண்கள், கம்பைல் செய்யும் கட்டளை.
• எதைக் கொண்டு வரலாம். அச்சிட்ட குறிப்புகளுக்கு ஒரு பக்க வரம்பு வையுங்கள். ஐசிபிசி உலக இறுதிச் சுற்றில்கூட 25 பக்க வரம்பு உண்டு. பள்ளிக்கு 10 பக்கம் போதும்.
• தரவரிசை முறை, அபராத நிமிடக் கணக்கு, சமநிலை ஏற்பட்டால் தீர்க்கும் வழி.
• சந்தேகம் கேட்கும் முறை, முறையீடு செய்யும் முறை, அதற்கான கால வரம்பு.
• மின்தடை, கணினிக் கோளாறு ஆகியவற்றின்போது என்ன செய்யப்படும்.

பதிவுக் கட்டணம் வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால், செலுத்த இயலாத பள்ளிக்குக் கேள்வி கேட்காமல் விலக்கு கொடுங்கள். மதிய உணவு அனைவருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். தொலைவிலிருந்து பேருந்தில் வரும் அணியைக் கணக்கில் கொண்டு, தொடக்க நேரத்தைக் காலை 10 மணிக்கு முன் வைக்காதீர்கள்.

3. மொழித் தேர்வில் யாரையும் விட்டுவிடாதீர்கள்

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் 2018 முதல் வந்த புதிய கணினி அறிவியல் பாடநூல்கள் 11ஆம் வகுப்பில் சி++ மொழியையும் 12ஆம் வகுப்பில் பைதானையும் கற்பிக்கின்றன. சிபிஎஸ்இ மாணவர்கள் இரண்டு ஆண்டும் பைதான் படிக்கிறார்கள். பைதான் மட்டும் என்றால் மாநிலப் பாடத்திட்டத்தின் 11ஆம் வகுப்பு மாணவர் விலகி நிற்க வேண்டியிருக்கும். சி++ மட்டும் என்றால் சிபிஎஸ்இ மாணவர். ஆகவே இரண்டும் கட்டாயம் வேண்டும், ஜாவா தெரிந்தவர்கள் இருந்தால் அதையும் சேர்க்கலாம்.

மொழிகளைச் சேர்த்தபின் வேகத்தைக் கவனியுங்கள். ஒரு நொடியில் சி++ நிரல் எளிய செயல்களைப் பல கோடிக் கணக்கில் செய்து முடிக்கும். பைதான் அதே நேரத்தில் ஏறத்தாழ 1 கோடியைத் தொடும். ஆகவே ஒவ்வொரு கணக்குக்கும் நடுவர்கள் பைதானிலும் ஒரு சரியான விடை எழுதி, அது எடுக்கும் நேரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கை நேர வரம்பாக வைக்க வேண்டும். பைதானில் தீர்க்கவே முடியாத கணக்கு உங்கள் தாளில் இருக்கக் கூடாது.

எண்களின் அளவிலும் இதே சிக்கல் உண்டு. சி++ மொழியின் வழக்கமான முழு எண் வகை 214 கோடி வரைதான் தாங்கும். பைதான் எவ்வளவு பெரிய எண்ணையும் தாங்கும். 1 லட்சம் எண்களைக் கூட்டச் சொல்லி, ஒவ்வொன்றும் 100 கோடி வரை இருக்கலாம் என்றால் கூட்டுத்தொகை 100 லட்சம் கோடியைத் தொடும். சி++ அணி ‘லாங் லாங்’ வகையைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். இதைத் தாளிலேயே ஒரு வரியில் நினைவூட்டிவிடுங்கள். லாங் லாங் வகையிலும் அடங்காத விடை வரும் கணக்கைத் தவிர்த்துவிடுங்கள்.

சில பள்ளிகளில் இன்னும் டர்போ சி++ பயன்பாட்டில் இருக்கிறது. அதில் பழகிய மாணவர் எழுதும் தலைப்பு வரிகள் இன்றைய கம்பைலரில் பிழை காட்டும். இது அந்த மாணவரின் குற்றமில்லை. விதித்தாளோடு, அனுமதித்த ஒவ்வொரு மொழியிலும் ஒரு மாதிரி நிரலை அச்சிட்டு அனுப்பினால் இந்தச் சுவர் போட்டிக்கு முன்பே இடிந்துவிடும்.

4. நடுவர் குழுவை அமைத்துக் கணக்குகளைத் தேர்ந்தெடுங்கள்

குறைந்தது மூன்று நடுவர்கள் தேவை. பங்கேற்கும் பள்ளியில் கற்பிப்பவரோ, ஏதாவது ஓர் அணிக்குப் பயிற்சி தருபவரோ, பங்கேற்பவரின் உறவினரோ கணக்குகளைப் பார்க்கவே கூடாது. அருகிலுள்ள பொறியியல் கல்லூரி மாணவர்களும் மென்பொருள் துறையில் இருக்கும் பழைய மாணவர்களும் இந்த வேலைக்கு ஏற்றவர்கள். கணக்குகளைக் கசியவிட மாட்டேன் என்று எழுதிக் கையொப்பமிடச் சொல்வது அவமதிப்பு ஆகாது, அது அவர்களுக்கே பாதுகாப்பு.

இணையத்தில் கிடக்கும் கணக்கை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அதை முன்பே பார்த்த அணிக்கும் பார்க்காத அணிக்கும் இடையே போட்டி நியாயமாக இருக்காது. புதிதாக எழுதுங்கள். எளிய கணக்குகளில் கருத்து பழையதாக இருப்பதைத் தவிர்க்க முடியாது, அதில் தவறும் இல்லை.

தாளின் சமநிலைக்கு அனுபவமுள்ள நடுவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. ஒவ்வோர் அணியும் ஒரு கணக்கையாவது தீர்க்க வேண்டும். ஒவ்வொரு கணக்கையும் ஓர் அணியாவது தீர்க்க வேண்டும். எல்லாக் கணக்குகளையும் எந்த அணியும் தீர்க்கக் கூடாது. 7 கணக்குகள் கொண்ட தாளை இப்படி அமைக்கலாம்: நிபந்தனைக் கூற்றும் மடக்கும் தெரிந்தால் போதும் என்ற அளவில் இரண்டு, பட்டியலும் சரமும் கையாளும் இரண்டு, வரிசைப்படுத்துதலோ எண்ணியலோ கேட்கும் ஒன்று, நல்ல யோசனை தேவைப்படும் ஒன்று, ஒலிம்பியாட் பயிற்சி பெற்றவரும் திணறும் ஒன்று. முதல் இரண்டையும் எளிதென்று கருதி அலட்சியமாக எழுதிவிடாதீர்கள். பல மாணவர்களுக்கு வாழ்க்கையின் முதல் நிரலாக்கப் போட்டி அது. அந்த இரண்டு கணக்குகள்தான் அவர்கள் அடுத்த ஆண்டு திரும்பி வருவார்களா என்பதைத் தீர்மானிக்கும்.

5. கணக்கின் வாசகத்தை இரண்டு மொழியிலும் செதுக்குங்கள்

கணக்கு புரியாமல் தோற்பதும் தீர்க்கத் தெரியாமல் தோற்பதும் ஒன்றல்ல. சர்வதேச ஒலிம்பியாட்டில் ஒவ்வொரு நாட்டு அணித் தலைவர்களும் போட்டிக்கு முந்தைய இரவில் உட்கார்ந்து கணக்குகளைத் தங்கள் மாணவர்களின் மொழிக்கு மாற்றுகிறார்கள். உலகப் போட்டியே அவ்வளவு சிரத்தை எடுக்கும்போது, தமிழ்வழி மாணவருக்கு நாம் தமிழ்த் தாள் தருவது சலுகை ஆகாது. பக்கத்துக்குப் பக்கம் இரண்டு மொழியும் அருகருகே இருக்கட்டும். இரண்டையும் எழுதியவர் அல்லாத மூன்றாவது நடுவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கலைச்சொற்களுக்குப் பாடநூலில் உள்ள சொல்லையே பயன்படுத்துங்கள்.

வாசகத்தில் கவனிக்க வேண்டியவை:

கதையைச் சுருக்குங்கள். ஒரு பக்கக் கதைக்குள் ஒரு வரிக் கணக்கை ஒளித்துவைப்பது வாசிப்பு வேகத்துக்கான சோதனையாகிவிடும்.

வெளி அறிவை எதிர்பார்க்காதீர்கள். சதுரங்கக் குதிரை எப்படி நகரும், சீட்டுக்கட்டில் எத்தனை வகை, கிரிக்கெட்டில் ஒரு ஓவருக்கு எத்தனை பந்து என்பது எல்லாருக்கும் தெரியும் என்று கொள்ளக் கூடாது. தேவையென்றால் படத்தோடு விளக்குங்கள்.

வரம்புகளை முழுமையாகச் சொல்லுங்கள். எண்கள் குறையெண்ணாகவும் இருக்கலாமா, பூச்சியம் வரலாமா, ஒரே எண் இருமுறை வரலாமா, பட்டியல் வெறுமையாக இருக்கலாமா என்பதெல்லாம் தாளில் இருக்க வேண்டும்.

எண்களை எழுதும் விதத்தில் குழப்பம் வேண்டாம். உள்ளீட்டில் காற்புள்ளி இராது என்று சொல்லுங்கள். பெரிய எண்களை இலக்கத்திலும் லட்சம், கோடி என்று சொல்லிலும் சேர்த்துத் தாருங்கள்.

ஒவ்வொரு கணக்குக்கும் குறைந்தது இரண்டு மாதிரி உள்ளீடு வெளியீடுகள் கொடுங்கள். ஒன்றுக்காவது விடை எப்படி வந்தது என்று இரண்டு வரியில் விளக்குங்கள்.

6. சோதனைத் தரவில் அதிக நேரம் செலவிடுங்கள்

போட்டியின் நேர்மை உண்மையில் இங்கேதான் இருக்கிறது. கணினி நடுவருக்கு மாணவரின் எண்ணம் தெரியாது. நீங்கள் கொடுத்த உள்ளீட்டை ஓட்டி, நீங்கள் கொடுத்த வெளியீட்டோடு ஒப்பிடும், அவ்வளவுதான். தரவு பலவீனமாக இருந்தால் தவறான நிரல் தேறிவிடும். தரவு பிழையாக இருந்தால் சரியான நிரல் தோற்றுவிடும்.

ஓர் எளிய கணக்கை எடுத்துக்கொள்வோம்: கொடுக்கப்பட்ட எண்களில் மிகப் பெரியது எது? பல மாணவர்கள் தொடக்க மதிப்பை 0 என்று வைத்துக்கொண்டு ஒப்பிடத் தொடங்குவார்கள். எல்லா எண்களும் குறையெண்ணாக இருந்தால் அந்த நிரல் 0 என்று தவறாகச் சொல்லும். அப்படி ஒரு சோதனை உங்கள் தரவில் இல்லாவிட்டால், கவனமாக எழுதிய அணியும் கவனமின்றி எழுதிய அணியும் ஒரே தட்டில் நிற்கும்.

வேகத்துக்கும் இதுவே வழி. பட்டியலில் திரும்ப வரும் எண்களைக் கண்டுபிடிக்க ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால், 1,000 எண்களுக்கு 10 லட்சம் ஒப்பீடுகள்தான், அதை எந்த நிரலும் தாண்டிவிடும். 2 லட்சம் எண்கள் என்றால் 4,000 கோடி ஒப்பீடுகள். வரிசைப்படுத்தத் தெரிந்த அணிக்கு உரிய பலன் கிடைக்க, அந்தப் பெரிய சோதனை தரவில் இருந்தாக வேண்டும்.

ஒவ்வொரு கணக்குக்கும் இந்த வரிசையில் வேலை செய்யுங்கள்:

1. கணக்கை எழுதியவர் ஒரு சரியான விடை நிரலைத் தயார் செய்கிறார்.
2. இரண்டாவது நடுவர் அதைப் பார்க்காமல், தாளை மட்டும் படித்துத் தனியாக இன்னொரு நிரல் எழுதுகிறார். இரண்டில் ஒன்று பைதானில் இருக்க வேண்டும்.
3. உள்ளீடுகள் தாளில் சொன்ன வரம்புக்குள் உள்ளனவா என்று சரிபார்க்கும் சிறு நிரல் ஒன்றை எழுதி எல்லா உள்ளீட்டுக் கோப்புகளிலும் ஓட்டுகிறீர்கள்.
4. மிகச் சிறியது, மிகப் பெரியது, எல்லாம் சமம், ஏறுவரிசை, இறங்குவரிசை, குறையெண், தற்செயலான எண்கள் என்று குறைந்தது 15 சோதனைகள் சேர்க்கிறீர்கள்.
5. மாணவர்கள் செய்யக்கூடிய தவறுகளோடு வேண்டுமென்றே இரண்டு மூன்று தவறான நிரல்கள் எழுதி, அவை தோற்கின்றனவா என்று பார்க்கிறீர்கள். தேறிவிட்டால் சோதனை போதவில்லை என்று பொருள்.

ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் உள்ள கணக்கென்றால் விடையைச் சரிபார்க்கத் தனி நிரல் தேவை. முதல் ஆண்டில் அத்தகைய கணக்கைத் தவிர்ப்பது எளிது. தசம விடை கேட்டால் எவ்வளவு பிழை ஏற்கப்படும் என்று தாளில் சொல்லுங்கள். வரி முடிவில் கூடுதல் இடைவெளி இருந்தால் அதை மன்னிக்கும்படி மென்பொருளை அமைத்துவிடுங்கள். விண்டோஸில் உருவாக்கிய கோப்புகளின் வரி முடிவும் லினக்ஸின் வரி முடிவும் வேறுபடும். எல்லாத் தரவுக் கோப்புகளையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இந்தச் சிறிய விஷயத்தால் சரியான நிரல்கள் தோற்பதுண்டு.

கோட்ஃபோர்சஸ் தளத்தின் பாலிகான் என்ற இலவசக் கருவி இந்த வேலைகள் அனைத்தையும் ஓரிடத்தில் செய்ய உதவுகிறது.

7. தீர்ப்பு மென்பொருளை நிறுவிப் பழகுங்கள்

டோம்ஜட்ஜ் என்பது நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கி வளர்ந்த திறந்தமூல மென்பொருள். ஐசிபிசி பாணிப் போட்டிகளுக்கென்றே எழுதப்பட்டது. 2012இல் இத்தாலியில் நடந்த சர்வதேச ஒலிம்பியாட்டுக்காக உருவான சிஎம்எஸ் என்பதும் இலவசம், ஆனால் அது பகுதி மதிப்பெண் முறைக்கு ஏற்றது. நம் வடிவத்துக்கு டோம்ஜட்ஜ் பொருந்தும். லினக்ஸ் கணினி ஒன்றில் சர்வரை நிறுவினால் போதும், மாணவர் கணினிகளுக்கு பிரௌசர் மட்டுமே தேவை. வெளி இணையம் தேவையில்லை, லேப்பின் உள் நெட்வொர்க்கே போதுமானது.

நிரல்களை ஓட்டிப் பார்க்க, சர்வர் தவிர, ஒரே மாதிரியான இரண்டு கணினிகளை ஒதுக்குங்கள். ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் இருந்தால், ஒரே நிரல் எந்தக் கணினிக்குப் போனது என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறும். கம்பைல் பிழைக்கு அபராதம் இல்லை என்று அமைத்துவிடுங்கள். இரண்டு வாரங்களுக்கு முன் நண்பர்களை வைத்து ஒரு முழு ஒத்திகை நடத்துங்கள்.

8. லேப்பை எல்லாருக்கும் ஒன்றாக்குங்கள்

எல்லாக் கணினியிலும் ஒரே இயங்குதளம், ஒரே எடிட்டர்கள், ஒரே கம்பைலர் பதிப்பு. ஐடில், கோட் பிளாக்ஸ், ஜியானி, விஎஸ் கோட் என்று மாணவர்கள் பழகியிருக்கக்கூடிய எல்லாவற்றையும் நிறுவி வையுங்கள். நிரலைத் தானாக எழுதித்தரும் ஏஐ நீட்சிகள் எதுவும் இருக்கக் கூடாது. பைதான், சி++ அதிகாரபூர்வ ஆவணங்களை உள் நெட்வொர்க்கிலேயே பிரதி எடுத்து வைத்தால், இணையம் இல்லாத குறை தெரியாது.

கோளாறான விசைப்பலகையை முந்தைய நாளே மாற்றுங்கள். இரண்டு கணினிகளை உதிரியாக வையுங்கள். சர்வருக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுக்கும் யுபிஎஸ் கட்டாயம், எல்லாக் கணினிக்கும் இருந்தால் சிறப்பு. இருக்கைகளைப் பதிவின்போது குலுக்கல் முறையில் ஒதுக்குங்கள், ஒரே பள்ளியின் அணிகள் அருகருகே வராதபடி பாருங்கள். சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்கும், பெரிய எழுத்தோ திரைவாசிப்பானோ தேவைப்படும் மாணவருக்கும் வேண்டியதைப் பதிவுப் படிவத்திலேயே கேட்டு ஏற்பாடு செய்யுங்கள்.

ஒரு பிரிண்டர் வையுங்கள். அணி தன் நிரலை அச்சிட்டுக் கேட்டால் தன்னார்வலர் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். ஒரே கணினி இருக்கும்போது, காகிதத்தில் பிழை தேடுவதும் ஒரு திறமை.

9. பயிற்சிச் சுற்றைத் தவிர்க்காதீர்கள்

போட்டிக்கு முன் 40 நிமிடம் ஒரு பயிற்சிச் சுற்று வேண்டும். மதிப்பெண் கிடையாது. அதே இருக்கை, அதே கணினி, மிக எளிய மூன்று கணக்குகள். ஒவ்வோர் அணியும் சரியான நிரல் ஒன்று, தவறான நிரல் ஒன்று, முடிவின்றி ஓடும் நிரல் ஒன்று அனுப்பி, மூன்று தீர்ப்புகளையும் கண்ணால் பார்க்கட்டும்.

இங்கே ஒரு விஷயத்தைப் பலமுறை சொல்லுங்கள். பள்ளியில் ‘ஓர் எண்ணைத் தருக’ என்று திரையில் கேட்டுவிட்டு உள்ளீடு வாங்கும்படி எழுதப் பழக்கியிருப்பார்கள். போட்டியில் அந்த வாசகமும் வெளியீடாகவே கருதப்பட்டு, விடை தவறென்று தீர்ப்பு வரும். தாளில் கேட்டதைத் தவிர ஓர் எழுத்துகூட அச்சிடக் கூடாது. போட்டிகளுக்குப் பழகிய அணிக்கு இது தெரியும், புதிய அணிக்குத் தெரியாது. பயிற்சிச் சுற்றில் தெரிந்துகொண்டால் அந்த இடைவெளி மறைந்துவிடும்.

10. போட்டி நேரத்தில் ஒரே குரலில் பேசுங்கள்

தாள்களை உறையிலிட்டு, எல்லா மேசையிலும் வைத்து, ஒரே அறிவிப்பில் திறக்கச் சொல்லுங்கள். பயிற்சியாளர்களும் பெற்றோரும் வேறு அறையில் இருக்கட்டும். அங்கே ஸ்கோர்போர்டைப் பெரிய திரையில் காட்டினால் அவர்களும் மகிழ்வார்கள்.

சந்தேகங்கள் மென்பொருள் வழியாகவே வர வேண்டும், எழுத்திலேயே பதில் போக வேண்டும். கணக்கின் வாசகத்தைத் தெளிவுபடுத்தும் பதில் என்றால், கேட்ட அணிக்கு மட்டும் அனுப்பாமல் எல்லா அணிக்கும் அனுப்புங்கள். தாளிலேயே விடை இருந்தால் ‘கணக்கை மீண்டும் படிக்கவும்’ என்று மட்டும் சொல்லுங்கள். அறையில் சுற்றிவரும் தன்னார்வலர்கள் கணினிக் கோளாறைச் சரிசெய்யலாம், கணக்கைப் பற்றி ஒரு சொல்லும் பேசக் கூடாது. இரக்கத்தால் கொடுக்கும் சின்னக் குறிப்பும் மற்ற 19 அணிகளுக்கு இழைக்கும் அநீதி.

தீர்த்த கணக்குக்கு ஒரு வண்ணப் பலூன் கட்டும் ஐசிபிசி வழக்கத்தைப் பின்பற்றுங்கள். செலவு குறைவு, உற்சாகம் அதிகம். ஐந்து மணி நேரப் போட்டிகளில் ஸ்கோர்போர்டைக் கடைசி ஒரு மணி நேரம் உறையவைப்பார்கள். மூன்று மணி நேரப் போட்டிக்கு கடைசி 30 நிமிடம் போதும். பின்தங்கிய அணி கடைசிவரை நம்பிக்கையோடு முயல அது உதவும்.

11. ஏதாவது தவறினால் என்ன செய்வது?

தவறு நேரும் என்றே கொள்ளுங்கள். முடிவை முன்பே எழுதிவைத்திருந்தால் அந்த நேரத்தில் யார் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்காது.

எல்லாருக்கும் மின்தடை: கடிகாரத்தை நிறுத்துங்கள், இழந்த நிமிடங்களை எல்லாருக்கும் நீட்டித்துக் கொடுங்கள். நிறுத்திய இடைவெளி யாருடைய அபராத நிமிடத்திலும் சேரக் கூடாது.

ஒரு கணினி மட்டும் பழுது: உடனே உதிரிக் கணினிக்கு மாற்றுங்கள். இழந்த நிமிடங்களைக் குறித்துவைத்து, அந்த அணிக்கு மட்டும் இறுதியில் கொடுங்கள். அந்தக் கூடுதல் நேரத்தில் தீர்த்த கணக்கைப் போட்டியின் கடைசி நிமிடத்தில் தீர்த்ததாகக் கொள்ளலாம். நிரலை அடிக்கடி சேமிப்பது அணியின் பொறுப்பு என்பதையும் விதியில் சேர்த்துவிடுங்கள்.

சோதனைத் தரவில் பிழை: மறைக்காதீர்கள். உடனே எல்லாருக்கும் அறிவித்து, தரவைத் திருத்தி, அந்தக் கணக்குக்கு வந்த எல்லா நிரல்களையும் மறுபடி ஓட்டுங்கள். தவறென்று சொல்லப்பட்டு இப்போது தேறும் நிரலுக்கு, அது முதலில் அனுப்பப்பட்ட நிமிடமே கணக்கில் வர வேண்டும். ஏற்கப்பட்ட நிரல் இப்போது தோற்றால் அதைப் பறிக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. நடுவரின் சொல்லை நம்பி அந்த அணி அடுத்த கணக்குக்குப் போய்விட்டது. நடுவரின் பிழைக்கு மாணவர் விலை கொடுக்கக் கூடாது.

12. நகலெடுப்பதும் ஏஐயும்

கைபேசி, ஸ்மார்ட் வாட்ச், பென்டிரைவ் அனைத்தையும் பெயரெழுதிய உறையில் வாங்கி வையுங்கள். மாணவர் கணினிகளிலிருந்து வெளி இணையத்தைத் துண்டித்துவிட்டால், நிரல் எழுதித்தரும் ஏஐ சேவைகளைப் பற்றிய கவலை பெரும்பாலும் தீரும். நேரில் நடத்துவதற்கு இதுவே வலுவான காரணம். இணையவழியில் வீட்டிலிருந்து எழுதும் போட்டியில் இன்று இதைக் கட்டுப்படுத்துவது மிகக் கடினம்.

நிரல்களின் ஒற்றுமையைக் கண்டறிய ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மாஸ் போன்ற சேவைகள் உண்டு. அனுப்பும் கோப்புகளில் மாணவர் பெயர்களை நீக்கிவிடுங்கள். ஆனால் ஒற்றுமை என்பது குற்றத்துக்குச் சான்று ஆகாது. பத்து வரி நிரலை இரண்டு பேர் ஒரே மாதிரி எழுதுவது இயல்பு. சந்தேகம் வந்தால் அணியைத் தனியறையில் அழைத்து, நிரலை விளக்கச் சொல்லுங்கள். எழுதியவர்களால் விளக்க முடியும். பதினைந்து வயதுப் பிள்ளையை எல்லார் முன்னிலையிலும் நிறுத்தி விசாரிக்காதீர்கள். குற்றம் உறுதியானாலும் அணியின் பெயர் மேடையில் ஒலிக்கக் கூடாது.

13. முடிவை அறிவித்து, எல்லாவற்றையும் திறந்து வையுங்கள்

போட்டி முடிந்ததும் 20 நிமிடம் முறையீட்டுக்கு ஒதுக்குங்கள். முறையீடு எழுத்தில் வரட்டும், மூன்று நடுவர்களும் சேர்ந்து முடிவெடுத்து, காரணத்தோடு எழுத்தில் பதில் தரட்டும். அதன் பிறகே முடிவு.

பரிசைப் பணமாகக் கொடுக்காமல் புத்தகமாகவோ பயிற்சி வாய்ப்பாகவோ கொடுக்கலாம். முதல் மூன்று இடங்களோடு, ஒவ்வொரு கணக்கையும் முதலில் தீர்த்த அணிக்கும் ஒரு பாராட்டு இருக்கட்டும். பங்கேற்ற அனைவருக்கும் சான்றிதழ் உண்டு. மதிய உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்கி, கணக்கு அமைத்தவர்களே ஒவ்வொன்றையும் கரும்பலகையில் விளக்க வேண்டும். தோற்ற அணி அதிகம் கற்பது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

அன்று மாலையே கணக்குகள், சோதனைத் தரவு, நடுவர்களின் விடை நிரல்கள், முழுத் தரவரிசை அனைத்தையும் எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்புங்கள். ஒளிக்க எதுவும் இல்லை என்பதற்கு அதைவிடப் பெரிய உறுதி வேறில்லை. தோற்ற நிரல் எந்தச் சோதனையில் தோற்றது என்று மாணவர் தானே ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

கால அட்டவணை, ஒரே பார்வையில்

• 10 வாரம் முன்: நாள், லேப், நடுவர் குழு உறுதி.
• 6 வாரம் முன்: விதித்தாள், மாதிரி நிரல்கள், பழைய கணக்குகள் சில, பதிவுப் படிவம் எல்லாப் பள்ளிகளுக்கும்.
• 4 வாரம் முன்: கணக்குகளின் முதல் வடிவம், இரண்டாவது நடுவரின் தனி விடைகள்.
• 2 வாரம் முன்: சோதனைத் தரவு முடிவு, தமிழ் ஆங்கில வாசக ஒப்பீடு, முழு ஒத்திகை.
• முந்தைய நாள்: ஒவ்வொரு கணினியிலும், அனுமதித்த ஒவ்வொரு மொழியிலும் ஒரு நிரலை ஓட்டிச் சோதனை, தாள் அச்சு, உறையிடல்.
• போட்டி நாள்: பதிவு, இருக்கைக் குலுக்கல், பயிற்சிச் சுற்று, போட்டி, முறையீடு, விளக்க வகுப்பு, பரிசு.
• அன்று மாலை: அனைத்துக் கோப்புகளும் பள்ளிகளுக்கு.

முதல் ஆண்டில் எட்டு அணிகள் வந்தாலும் இதே ஒழுங்கோடு நடத்துங்கள். அளவு பிறகு வளரும். ஒரு சிற்றூர்ப் பள்ளி அணி கடைசி இடம் பிடித்துவிட்டு, ‘அந்த மூன்றாவது கணக்கை எங்களால் தீர்த்திருக்க முடியும்’ என்று வாதாடிக்கொண்டே பேருந்து ஏறினால், உங்கள் போட்டி நியாயமாக நடந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். அவர்கள் குறை சொல்வது தங்கள் நிரலை, உங்கள் ஏற்பாட்டை அல்ல.